ரூட் படிக்கும் கோப்பில் யார் எழுதலாம்?

ஒரு சர்வர் புதிதாக என் பொறுப்புக்கு வந்தால் முதல் வேலையாக இரண்டு பட்டியல் எடுப்பேன். செட்யூஐடி பிட் (என்னவென்று பிறகு சொல்கிறேன்) போட்ட நிரல்கள் எவை என்பது ஒன்று. எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கில் ஓடும் நிரல்கள் திறக்கிற, படிக்கிற, இயக்குகிற கோப்புகளில் ரூட் அல்லாத வேறு யாரெல்லாம் எழுத முடியும் என்பது மற்றது. முதல் பட்டியலுக்கு ஒரே ஒரு கட்டளை போதும், சில நிமிடத்தில் வந்துவிடும். இரண்டாவதைத் தருகிற கட்டளை எதுவும் கிடையாது. சேவை சேவையாகப் பிரித்து, எது எதைத் தொடுகிறது என்று பின்தொடர்ந்து, கையால் எழுதித்தான் சேர்க்க வேண்டும். பல நாள் பிடிக்கும். மெய்நிகராக்க மென்பொருள்களோடு மாரடித்த இத்தனை வருடத்தில் உருப்படியாக நான் கண்டுபிடித்தது எல்லாமே இந்த இரண்டாவது பட்டியலில் அகப்பட்டதுதான்.

மெய்நிகராக்கம் என்பது ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகளை ஓட்டும் ஏற்பாடு. வங்கிக் கணக்கு, மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு, கல்லூரியின் தேர்வு முடிவு என்று பலவும் இன்று இப்படிப்பட்ட மெய்நிகர் கணினிகளுக்குள், அதாவது விஎம்களுக்குள்தான் குடியிருக்கின்றன. ஒரு விஎம்முக்குள் இருப்பவருக்குப் பக்கத்து விஎம் இருப்பதே தெரியாது. அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர் அந்தச் சுவரைக் காக்கிறது. அதனால், பாதுகாப்பு பற்றிப் பேச உட்காருகிற எவரும் முதலில் கேட்பது, "உள்ளே இருக்கறவன் சுவரை உடைச்சுட்டு வெளியே வர முடியுமா?" என்றுதான். 2015 மே மாதம் வெனோம் என்ற பிழை வெளியானபோது இந்தக் கேள்வி எங்கள் தொலைபேசியை ஓயவிடவில்லை. க்யூஎமு மென்பொருளில், ஃபிளாப்பி டிஸ்க்கை இயக்கும் பகுதியில் இருந்த பிழை அது. ஃபிளாப்பியை மறந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் அந்த நிரல் உள்ளே உட்கார்ந்திருந்தது. விஎம்முக்குள் இருப்பவர் அதன் வழியாக, விஎம்களைத் தாங்கும் இயந்திரமான ஹோஸ்ட்டில் கைவைக்க வழி இருந்தது. பயந்தது நியாயம்தான்.

ஆனால் சுவரை உடைப்பதற்கு வேண்டிய திறமையும் பொறுமையும் எல்லோரிடமும் இருப்பதில்லை. நான் நேரில் விசாரித்த ஊடுருவல்களில் வந்தவர்கள் சுவர்ப்பக்கமே போகவில்லை. மேலாண்மை மென்பொருளில் கால் வைக்க ஒரு சின்ன இடம் கிடைத்திருந்தது. அங்கே தவறான அனுமதியோடு ஒரு கோப்பு கிடந்தது. அதைத் திருத்தி ரூட் ஆகியிருந்தார்கள். ஹோஸ்ட்டில் ரூட் ஆனவருக்கு அதன்மேல் ஓடும் எல்லா விஎம்மும் சொந்தம். சுவரை உடைக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர், குழுவினர், மற்றவர்கள் என்ற மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என்று தனித்தனி அனுமதி. மொத்தம் ஒன்பது பிட். யூனிக்ஸ் காலத்திலிருந்து இருக்கும் இந்த ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வு வைக்கும்போது நான் ஒரு கேள்வி தவறாமல் கேட்பேன்: "ரூட்டுக்குச் சொந்தமான ஒரு கோப்பு. மற்றவர்களுக்கு எழுத அனுமதி இல்லை. அது இருக்கும் ஃபோல்டர் மட்டும் உங்கள் பெயரில் இருக்கிறது. அந்தக் கோப்பை உங்களால் மாற்ற முடியுமா?" பலர் முடியாது என்பார்கள். முடியும். ஒரு கோப்பின் பெயரை மாற்றவோ அதை நீக்கவோ அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி வேண்டியதில்லை. ஃபோல்டரில் எழுத முடிந்தால் போதும். பழையதை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றை வைத்துவிடலாம். ரூட் அடுத்த முறை வந்து அந்தப் பெயரைத் தேடும்போது உங்கள் கோப்புதான் இருக்கும். கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று டிக் அடிக்கும் தணிக்கை அறிக்கைகளை நான் நம்புவதில்லை. வேரிலிருந்து அந்தக் கோப்பு வரை வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் பார்த்திருக்க வேண்டும்.

செட்யூஐடி இன்னொரு படி மேலே. சாதாரணமாக ஒரு நிரலை யார் ஓட்டுகிறாரோ அவருடைய அதிகாரத்தில் அது ஓடும். இந்த பிட் போட்டுவிட்டால், நிரலுக்கு யார் உரிமையாளரோ அவருடைய அதிகாரத்தில் ஓடும். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உண்டாக்கியது. 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1979இல் கிடைத்தது. சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ள முடிவது இதனால்தான். கடவுச்சொல் கோப்பில் எழுத ரூட்டால்தான் முடியும். ஆனால் மாற்றுவதற்கான நிரலை யாரும் ஓட்டலாம்.

மெய்நிகராக்க மென்பொருளின் இக்கட்டு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு விஎம்மை ஓட்ட வேண்டுமானால் கர்னலோடு பேச வேண்டும், நெட்வொர்க் பிரிட்ஜ் போட வேண்டும், வட்டுகளை இணைக்க வேண்டும். இவற்றில் பலவும் ரூட் செய்கிற வேலை. ஓட்டச் சொல்கிறவரோ சாதாரணப் பயனர். ஆகவே மென்பொருள் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துக்கொண்டுதான் நிற்க முடியும். மாவட்ட ஆட்சியர் கையெழுத்துப் போடப்போகிற கோப்பை, அது உள்ளே போவதற்கு முன்னால் வராந்தாவில் நிற்கிற யாரும் எடுத்துத் தாளை மாற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து உண்மையானது, முத்திரை உண்மையானது, உத்தரவு மட்டும் வேறொருவருடையது. நான் சொல்லப்போகும் பிழைகளில் பலவும் இந்த வகைதான்.

இந்த இக்கட்டைத் தெளிவாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட மென்பொருளுக்கு லினக்ஸில் ஓடும் வெர்ச்சுவல்பாக்ஸை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அதன் விஎம் நிரல் செட்யூஐடி ரூட்டாகத் தொடங்கும். கர்னல் டிரைவரின் சாதனக் கோப்பைத் திறந்துகொள்ளும். உடனே ரூட் அதிகாரத்தைக் கைவிட்டுவிட்டுப் பயனராக மாறும். அதற்கும் முன்னால் ஒரு சோதனை: தன் கோப்புகளும், தான் நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டரும், அதன் மேல் ஃபோல்டர்களும் ரூட்டுக்குச் சொந்தமா, குழுவோ மற்றவர்களோ அவற்றில் எழுத முடியுமா என்று பார்க்கும். யாராவது எழுத முடிந்தால் ஓட மறுத்துவிடும்.

ஒருமுறை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி ராத்திரி நேரத்தில் அழைத்தான். "அண்ணா, வெர்ச்சுவல்பாக்ஸ் திடீர்னு ஓட மாட்டேங்குது. ஃபோல்டர்ல யார் வேணாலும் எழுதலாம்னு ஏதோ எர்ரர் சொல்லுது. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாத்துட்டேன், அப்பவும் அதேதான்."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. வேற ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகலைன்னு யூஎஸ்ஆர் ஃபோல்டருக்கு 777 குடுத்தேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும்; நிரல்கள் இருப்பதோ யூஎஸ்ஆருக்குள். அந்த இயந்திரத்தில் அன்று மாலையிலிருந்து எந்தப் பயனரும் எந்த நிரலையும் மாற்றி வைத்திருக்கலாம். அவனிடம் இருந்த அத்தனை மென்பொருளில் இதைக் கவனித்துக் குரல் கொடுத்தது வெர்ச்சுவல்பாக்ஸ் ஒன்றுதான். அந்தப் பிழைச்செய்தியை எப்படி அணைப்பது என்று இணையத்தில் தேடிக்கொண்டிருந்தவனை நிறுத்தி, அந்தச் செய்தி ஏன் வருகிறது என்று அன்றிரவு சொல்லிக் கொடுத்தேன். இயந்திரத்தை மறுநாள் முழுதாக அழித்து மீண்டும் நிறுவினோம். அனுமதிகளைப் பழையபடி திருப்பினால் போதாதா என்று அவன் கேட்டான். இடையில் யார் என்ன செய்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இயந்திரத்தை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

வெர்ச்சுவல்பாக்ஸ் காட்டுகிற இந்த எச்சரிக்கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஆகஸ்டில் வெளியான விஎம்வேர் மவுன்ட் பிழை நல்ல பாடம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனிலும் பிளேயரிலும் ஒரு விஎம்மின் வட்டை ஹோஸ்ட்டிலிருந்தே திறந்து பார்க்க ஒரு சிறு நிரல் இருந்தது. அதற்குச் செட்யூஐடி ரூட். எந்த லினக்ஸ் பதிப்பில் ஓடுகிறோம் என்று தெரிந்துகொள்ள அது இன்னொரு கட்டளையை அழைத்தது. அழைக்கும்போது முழு முகவரி தராமல் பெயரை மட்டும் சொன்னது. பெயரை மட்டும் சொன்னால் எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்பதைத் தீர்மானிப்பவர் பயனர். அதே பெயரில் ஒரு நிரலைத் தன் ஃபோல்டரில் எழுதிவைத்துவிட்டு, 'முதலில் இங்கே தேடு' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இதைக் கண்டவர் டாவிஸ் ஆர்மண்டி. என்னை உலுக்கிய விஷயம், அந்த ஓட்டை எல்லா லினக்ஸிலும் வேலை செய்யவில்லை என்பது. அழைப்பு ஒரு ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) வழியாகப் போகிறது. பாஷ் ஷெல், தான் இரவல் அதிகாரத்தில் தொடங்கப்பட்டிருப்பதைக் கண்டால் அந்த அதிகாரத்தை உதறிவிடும். டெபியன், உபுண்டு குடும்பத்தில் இருந்த டாஷ் ஷெல் அப்போது அப்படி உதறவில்லை. ஆகவே அங்கே மட்டும் வாசல் திறந்தது. ஷெல்லை எழுதியவர்கள், லினக்ஸைத் தொகுத்தவர்கள், விஎம்வேர்க்காரர்கள் மூவரும் தத்தம் பங்கில் ஒவ்வொரு காரணத்தோடு செய்த முடிவுகள், ஓர் இடத்தில் வந்து சேர்ந்தபோது ஓட்டை ஆனது. திருத்தம் (பேட்ச்) போடும் வரை செய்யக்கூடிய உடனடி மாற்று, அந்த நிரலிலிருந்து செட்யூஐடி பிட்டை எடுத்துவிடுவது. எடுத்துவிட்ட பிறகு எங்கள் இடத்தில் ஒருவர்கூட அந்த வசதி இல்லை என்று புகார் சொல்லவில்லை. யாரும் பயன்படுத்தாத ஒன்று எல்லா இயந்திரத்திலும் ரூட்டாக உட்கார்ந்திருந்தது.

மேக்கில் ஓடும் விஎம்வேர் ஃபியூஷனிலும் 2020 மார்ச்சில் கிட்டத்தட்ட இதே கதை. செட்யூஐடி நிரல் ஒன்று, தான் இருக்கும் இடத்தை வைத்துத் துணை நிரலின் இடத்தைக் கணக்கிட்டது. அந்த நிரலுக்கு வேறு ஃபோல்டரில் ஒரு ஹார்டு லிங்க் போட்டால், துணை நிரலை அது அங்கே தேடியது. முதலில் வந்த திருத்தம் முழுமையானதல்ல என்று நிறுவனமே பின்னர் அறிவித்தது. மே மாதம் இன்னொரு குறைக்கு இன்னொரு சிவிஇ எண் (பிழைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) தந்து மீண்டும் திருத்தினார்கள். சோதிக்கும் நேரத்துக்கும் இயக்கும் நேரத்துக்கும் நடுவில் கோப்பை மாற்றிவிட முடிந்ததுதான் அந்த இரண்டாவது குறை.

இவை எல்லாம் ஒருவருடைய மேசையில் இருக்கும் கணினியின் கதை. விஎம்வேரின் விசென்டர் வேறு அளவு. ஒரு நிறுவனத்தில் விஎம்வேரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐ ஓடும் எல்லா ஹோஸ்ட்களையும், அவற்றின் மேல் இருக்கும் எல்லா விஎம்களையும் ஓர் இடத்திலிருந்து ஆளும் சர்வர் அது. உள்ளே பல சேவைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர் கணக்கு; இணையத்திரையைக் காட்டும் சேவைக்கு ஒன்று, மற்றவற்றுக்கு வேறு வேறு. ஒன்று விழுந்தாலும் மற்றவை விழக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த பிரிவினை. ஆனால் சேவைகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காகச் சிஐஎஸ் என்ற ஒரு பொதுக் குழுவை உண்டாக்கி அவற்றின் கணக்குகளை அதில் சேர்த்திருந்தார்கள்.

2021 செப்டம்பர் 21 அன்று விஎம்வேர் விசென்டருக்காக ஒரு நீண்ட எச்சரிக்கை அறிக்கையை வெளியிட்டது. அதில் தலைப்புச் செய்தி ஆனது 22005 என்று முடியும் எண். நெட்வொர்க்கில் எட்ட முடிந்த எவரும் கோப்பை ஏற்றி நிரலை ஓட்டலாம் என்பதால் 10க்கு 9.8 மதிப்பெண். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், ஓடவும் வேண்டியதுதான். அதே அறிக்கையில் கீழே சிவிஇ-2021-22015 என்று ஒன்று இருந்தது. கோப்புகள், ஃபோல்டர்களின் அனுமதி சரியில்லை என்று ஒரு வரி விளக்கம். நான் அன்று அதிக நேரம் உட்கார்ந்தது அந்த வரியில்தான். சேவைகளைத் தொடங்கிக் கண்காணிக்கும் விமோன் என்ற நிரலின் ஃபோல்டரில், ஜாவாவை அழைக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. உரிமையாளர் ரூட். குழு சிஐஎஸ். குழுவுக்கு எழுதும் அனுமதி. விமோன் மறுபடி தொடங்கும்போது அந்த ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடும்.

எங்கள் பரிசோதனை விசென்டரில் போய்ப் பார்த்தேன். அனுமதி வரிசையின் நடுவில், குழுவுக்கு எழுத அனுமதி தரும் அந்த ஓர் எழுத்து இருந்தது. இணையத்திரைச் சேவையின் கணக்கில் நுழைந்து ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்தேன், சேவையை மறுபடி தொடங்கினேன், ரூட். வேறு எந்த வித்தையும் தேவைப்படவில்லை. அந்த இணையத்திரைச் சேவையில் அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பெரிய ஓட்டை ஒன்று (21972 என்று முடியும் எண்) அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் வழியாக வருகிறவருக்குக் கிடைப்பது அந்தச் சேவைக் கணக்கு மட்டும்தான், ரூட் இல்லை என்று எங்கள் கூட்டங்களில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். சேவைக் கணக்குக்கும் ரூட்டுக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு பிட்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே சிஐஎஸ் குழுவால் இன்னொன்று: சிவிஇ-2022-22948. பென்டெரா நிறுவனத்தின் ஆய்வாளர் யுவல் லாசர் கண்டறிந்தது. இம்முறை எழுதும் அனுமதிகூட இல்லை, படிக்கும் அனுமதிதான். விசென்டர் தன் தரவுத்தளத்தில் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல் ஒரு கோப்பில் மறையாக்கம் இல்லாமல் இருந்தது. அந்தக் கோப்பைச் சிஐஎஸ் குழுவினர் படிக்கலாம். தரவுத்தளத்துக்குள் போனால், விபிஎக்ஸ்யூசர் என்ற கணக்கின் கடவுச்சொல் மறையாக்கப்பட்டு இருக்கும். ஒரு ஹோஸ்ட்டை விசென்டரில் சேர்த்ததும் அந்த ஹோஸ்ட்டில் தானாக உருவாகும் கணக்கு இது. அங்கே இதற்கு நிர்வாகியின் முழு அதிகாரம். இதன் கடவுச்சொல்லை மனிதர் யாரும் தட்டுவதில்லை. விசென்டரே நீளமாக ஒன்றை உண்டாக்கி, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். மறையை அவிழ்க்கும் சாவியும் அதே விசென்டரில் ஒரு கோப்பில்தான் இருக்கிறது.

அந்த அறிக்கையில் இதற்குக் கிடைத்த தரம் 'மிதமானது'. ஏற்கெனவே உள்ளே நுழைந்தவரால்தான் செய்ய முடியும் என்பதால் மதிப்பெண் குறைந்தது. எனக்கு இந்தத் தொழிலில் தீராத மனக்குறை ஒன்று உண்டென்றால் அது இந்தத் தரப்படுத்தல் மேல்தான். பல இடங்களில் 'மிதமானது' என்றால் அடுத்த காலாண்டு, அதற்கடுத்த காலாண்டு என்று தள்ளிப் போடுவார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் இதற்காக நான் மன்றாட வேண்டியிருந்தது. "உள்ளே வந்தவனாலதானே சார் முடியும், உள்ளே வராம பாத்துக்கறதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்றோம்?" என்றார். உள்ளே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். பேட்ச் அந்த மாதம் போடப்படவில்லை.

2024 ஜூனில் மாண்டியன்ட் நிறுவனம், சீனாவோடு தொடர்புள்ளது என்று அது கருதும் யுஎன்சி3886 என்ற உளவுக் குழு பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. விசென்டரில் வேறொரு பெரிய ஓட்டை வழியாக நுழைந்தவர்கள், விபிஎக்ஸ்யூசர் கடவுச்சொல்லைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப் பயன்படுத்தியது 22948ஐ. ஜூலையில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, தாக்குபவர்கள் உண்மையில் பயன்படுத்தும் பிழைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. பேட்ச் வெளியாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டில் வழக்கமான வைரஸ் தடுப்பு மென்பொருள் எதுவும் ஓடாது. விபிஎக்ஸ்யூசராக அங்கே போய்ச் சேர்ந்தவரைப் பார்த்துக் குரைக்க ஆளில்லை.

விஎம்வேரின் வொர்க்ஸ்பேஸ் ஒன் ஆக்சஸில் 2022 ஏப்ரலில் வந்த பிழை ஜோடியும் இதே பாடம். ஒரு பிழை வெளியிலிருந்து நுழையவிட்டது. இன்னொன்று, துணை ஸ்கிரிப்ட்களில் இருந்த தவறான அனுமதி, நுழைந்தவரை ரூட் ஆக்கியது. பேட்ச் வெளியான 48 மணி நேரத்துக்குள் அதைப் பிரித்துப் பார்த்துத் தாக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சிஐஎஸ்ஏ அவசர உத்தரவே போட்டது. மதிப்பெண் ஒவ்வொரு பிழைக்கும் தனித்தனியாகப் போடப்படுகிறது. தாக்குபவர் தனித்தனியாகப் பயன்படுத்துவதில்லை.

விண்டோஸில் அனுமதி முறை வேறு, சிக்கல் ஒன்றுதான். லினக்ஸில் நான் இவ்வளவு புகழ்ந்த வெர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸில் 2024 ஏப்ரலில் ஒரு லாக் ஃபோல்டரில் தடுக்கியது. அதன் சேவை ஒன்று சிஸ்டம் (லினக்ஸின் ரூட் போன்றது) அதிகாரத்தில் ஓடுகிறது. லாக் கோப்புகளைப் புரோகிராம்டேட்டாவுக்குள் எல்லாப் பயனரும் எழுதக்கூடிய ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தது. பத்துக்கு மேல் சேர்ந்தால் பழையதை நகர்த்தி, கடைசியை அழிக்கும். அந்த இடத்தில் ஒரு சாதாரணப் பயனர் வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பை வைத்துவிட்டால், சிஸ்டம் தன் கையாலேயே அந்த வேறிடத்தில் இருப்பதை அழிக்கும் அல்லது நகர்த்தும். அங்கிருந்து முழு அதிகாரம் பெறும் வழி தெரிந்ததுதான். 7.0.16 பதிப்பில் சரிசெய்தார்கள். லாக் ஃபோல்டரை யாரும் ஆபத்தாகப் பார்ப்பதில்லை. என் இரண்டாவது பட்டியலில் அது எப்போதும் முதல் பத்துக்குள் இருக்கும். அதிகாரம் மிக்க நிரல் ஒன்று, மனிதர் யாரும் பார்க்காத நேரத்தில், வழக்கமாக வந்து எழுதி அழித்துவிட்டுப் போகும் இடம் அது.

விஎம்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும், லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்கமான கேவிஎம்மைப் பயன்படுத்துகிற பெரும்பாலான இடங்களில் அதுதான் நடுவில் நிற்கிறது. அதோடு பேச ஒரு சாக்கெட் கோப்பு. யார் பேசலாம் என்பதை அந்தக் கோப்பின் அனுமதியோ ஒரு குழுவோ தீர்மானிக்கும். "ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேக்குது, எங்களை அந்தக் குரூப்ல சேர்த்து விடுங்க" என்று நிரலாளர்கள் வந்து நிற்பார்கள். அந்தக் குழுவில் சேர்ப்பது ரூட் கொடுப்பதற்குச் சமம். ஹோஸ்ட்டின் வட்டையே ஒரு விஎம்மின் வட்டாக இணைத்துத் திறக்க அவர்களால் முடியும். லிப்வெர்ட்டின் ஆவணமே இதை மறைக்காமல் சொல்கிறது. நான் மறுக்கும்போதெல்லாம் நம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை நம்புகிறேன். அவர்களுடைய மடிக்கணினியில் என்ன ஓடுகிறது என்பதை நான் எப்படி நம்புவது?

அதே லிப்வெர்ட்டில் 2019இல் வந்த பிழை ஒன்றைப் புதியவர்களுக்கு அடிக்கடி எடுத்துக் காட்டுவேன். விஎம்களின் பூட்டுகளையும் லாக்கையும் கவனிக்கும் இரண்டு சேவைகளுக்கு நிர்வாகச் சாக்கெட் உண்டு. அதை உண்டாக்கும் சிஸ்டம்டி கோப்பில், அனுமதி 0600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று சொல்லும் ஒரு வரி எழுதப்படவில்லை. சொல்லாவிட்டால் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும் இயல்பு அனுமதி, எல்லோரும் எழுதலாம் என்பது. தவறாக எழுதிய வரியை நிரலைப் படிக்கிறவர் கண்டுபிடிக்கலாம். எழுதாமல் விட்ட வரியைப் படிக்க முடியாது. ஓடும் இயந்திரத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

விற்பனையாளர்களின் உதவி மையங்களோடு எனக்கு நடக்கும் சண்டை எல்லாம் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். ஹைப்பர்-வியில் ஒரு வட்டுக் கோப்பைக் கையால் நகர்த்தினால் விஎம் தொடங்காது, அனுமதி மறுக்கப்பட்டது என்று சொல்லும். ஒவ்வொரு விஎம்முக்கும் தனி அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளத்துக்கு மட்டும் கோப்பில் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு மருத்துவமனையில் இந்தச் சிக்கலுக்கு வந்த ஆலோசனை, முழு ஃபோல்டருக்கும் 'எவரிவன், ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள் என்பது. கொடுத்திருந்தார்கள். நோயாளிகளின் பதிவேடு இருந்த வட்டுக் கோப்பை அந்த நெட்வொர்க்கில் பொதுப் பங்கீடு வழியாக யாரும் நகலெடுக்கலாம் என்ற நிலையில், எத்தனை காலமாகவோ ஓடிக்கொண்டிருந்தது. வேலை நடக்கிறது, விஎம் ஓடுகிறது, யாருக்கும் புகார் இல்லை. அனுமதி குறைவாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். அதிகமாக இருந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். அன்று மாலைக்குள் அந்த ஃபோல்டரைச் சரிசெய்தோம். நகல் ஏதும் வெளியே போனதா என்பதற்கான லாக் அங்கே வைக்கப்பட்டிருக்கவில்லை.

இப்போது எங்கள் குழுவில் ஒவ்வொரு பேட்சுக்கும் முன்னும் பின்னும் எல்லா அனுமதிகளையும் பட்டியலாக எடுத்து ஒப்பிடுகிறோம். புதிய பதிப்பு நிறுவப்படும்போது, நாங்கள் எடுத்துவிட்ட செட்யூஐடி பிட் திரும்பி வந்துவிடலாம். இறுக்கிய ஃபோல்டர் தளர்ந்துவிடலாம். ஒப்பிடும் வேலையைப் புதிதாகச் சேர்பவர்களிடம்தான் கொடுக்கிறேன். அனுபவசாலிகள் தெரிந்த பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புதியவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: "சார், பேக்கப் ஏஜென்ட்டோட தற்காலிக ஃபோல்டர் குரூப்புக்கு எழுதற மாதிரி இருக்கு, அந்தக் குரூப்புல வெப் சர்வர் யூசரும் இருக்கான், ரூட் அங்க இருந்து ஸ்கிரிப்ட் எடுத்து ஓட்டுது. இது இப்படித்தான் இருக்கணுமா?" இருக்கக் கூடாது. எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு ஓர் இரவு பேக்கப்பை ஓட்டிப் பார்த்தோம், எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தது. தயாரிப்பாளருக்கு அவள் பெயரிலேயே எழுதி அனுப்பியிருக்கிறோம்.